எந்தச் செல், எந்த இடம்

கம்பு இலை ஒன்றையும் நெல் இலை ஒன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்துக் கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் போதும், வேறுபாடு தெரிந்துவிடும். கம்பில் நரம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஓடும். நெல்லில் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே பச்சைப் பரப்பு சற்று அகலம். இலையைக் குறுக்காக மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் காரணம் புலப்படும். ஒவ்வொரு நரம்பையும் சுற்றி வளையமாகச் செல்கள் நிற்கின்றன. தாவரவியலில் இதற்குக் கற்றை உறை என்று பெயர். கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றில் இந்த வளையச் செல்கள் பருத்து, பசுங்கணிகங்கள் நிரம்பிக் கரும்பச்சையாக இருக்கும். ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பெரும்பாலும் இரண்டே இரண்டு இலையிடைச் செல்கள். நெல்லில் அந்த வளையம் வெளிறிக் கிடக்கும். பச்சையெல்லாம் நடுவில் நெருங்கி நிற்கும் பல இலையிடைச் செல்களில்தான்.

ஆஸ்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹாபர்லாண்ட் 1880களிலேயே இந்த அமைப்பை வரைந்து காட்டிவிட்டார். அது எதற்காக என்று விளங்க இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின. விளங்க வைத்தது கரும்பு. ஹவாயில் கரும்பு ஆய்வாளராக இருந்த ஹ்யூகோ கோர்ட்ஷாக்கும் சக ஆய்வாளர்களும், கரும்பு இலை கரியமில வாயுவை முதலில் மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சேர்மமாக மாற்றுவதில்லை, நான்கு கார்பன் கொண்ட அமிலமாகவே மாற்றுகிறது என்று கண்டார்கள். 1966இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹால் ஹேட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் அதன் பாதையை வகுத்துச் சொன்னார்கள். சி4 ஒளிச்சேர்க்கை என்று பாடப்புத்தகத்தில் வருவது அதுதான்.

அந்தப் பாதை இரண்டு செல்களுக்கு இடையே பங்கிடப்பட்டிருக்கிறது. ருபிஸ்கோ என்னும் நொதிதான் பயிர்களுக்குக் கார்பனைப் பிடித்துத் தருகிறது. ஆனால் அது கரியமில வாயுவோடு ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யப் பயிர் செலவழிக்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏற ஏற இந்த இழப்பும் ஏறும். நெல் போன்ற பயிர்களில் பிடித்த கார்பனில் கால் பங்குவரைகூடப் போகலாம். சோளமும் கம்பும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. இலையிடைச் செல்லில் வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடித்து அமிலமாக்குகிறது. அமிலம் பக்கத்திலுள்ள கற்றை உறைச் செல்லுக்குப் போகிறது. அங்கே அது உடைந்து, ருபிஸ்கோவைச் சுற்றிக் கரியமில வாயு செறிந்து நிற்கிறது. ஆக்சிஜனுக்கு வேலை குறைந்துவிடுகிறது. பூக்கும் தாவர இனங்களில் சுமார் 3% மட்டுமே இந்த வகை. ஆனால் நிலத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய கால் பங்கு இவற்றுடையது. தமிழ்நாட்டின் புன்செய்த் தானியங்களான சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாம் இந்தக் குடும்பக் கணக்கில் வருபவை. நன்செய்யின் நெல் மட்டும் வெளியே நிற்கிறது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. இலையிடைச் செல்லும் கற்றை உறைச் செல்லும் ஒரே விதையிலிருந்து வந்தவை. இரண்டிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. ஒட்டிப் பிறந்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அப்படியிருக்க, ஒன்றில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, மற்றதில் எவை அடங்கியிருக்கின்றன?

மரபணு வேலை செய்கிறதா என்று அறிய, அது எழுதி அனுப்பும் தூது ஆர்.என்.ஏ.வை அளக்க வேண்டும். பல பத்தாண்டுகளாகத் தாவர ஆய்வகங்களில் இதற்கான முதல் காரியம் ஒன்றே. இலையைப் பறித்துத் திரவ நைட்ரஜனில் போட்டு, பீங்கான் கல்வத்தில் இட்டு, பச்சைப் பொடியாகும்வரை அரைப்பது. பொடியிலிருந்து கிடைக்கும் ஆர்.என்.ஏ.வில் புறத்தோல், இலைத்துளைச் செல், இலையிடை, கற்றை உறை, நீரையும் உணவையும் கடத்தும் சைலம், ஃபுளோயம் எல்லாம் கலந்திருக்கும். வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லைப் பார்த்து எந்த அறையில் விளக்கு எரிந்தது என்று சொல்ல முடியாது. அரைத்த இலையும் அப்படித்தான். எண்ணிக்கையில் அதிகமான செல்களின் குரல் மட்டுமே மேலே நிற்கும். நரம்பைச் சுற்றிய ஒற்றை வளையத்தின் செய்தி அதற்குள் அமிழ்ந்துபோகும். அரைத்துப் பெற்ற சராசரியை இலையின் இயல்பு என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். அவை பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவை சொல்லும் அளவு எந்த ஒரு செல்லுக்கும் உரியதாக இருந்ததில்லை.

விலங்குச் செல்களைப் பிரிப்பது போலத் தாவரச் செல்களைப் பிரிக்க எளிய வழியும் இல்லை. இரத்தச் செல்கள் தனித்தனியாக மிதக்கின்றன. தாவரச் செல்லோ தன் சுவரோடும், சுவருக்கு இடையிலுள்ள பெக்டின் பசையோடும் அண்டைச் செல்லில் ஒட்டிக் கிடக்கிறது. சுவரைக் கரைக்கும் நொதிகளில் இலைத் துண்டுகளை ஊறவைத்தால் சுவரிழந்த செல்கள் மிதந்து வரும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். சுவர் கரைந்துகொண்டிருக்கும் செல்லுக்கு அது ஒரு தாக்குதல். சில நிமிடங்களிலேயே அதன் மரபணுக்கள் தற்காப்புக்குத் திரும்பிவிடும். ஆய்வாளர் அளப்பது இலையில் இருந்த செல்லையா, அதைப் பிரித்தெடுத்தபோது உண்டான கலவரத்தையா என்ற ஐயம் எப்போதும் மிஞ்சும். கற்றை உறைச் செல்லுக்குச் சுவர் தடிமன் என்பதால் அது எளிதில் வெளியே வருவதுமில்லை.

விடை புற்றுநோய் ஆய்விலிருந்து வந்தது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் எம்மர்ட்-பக், லான்ஸ் லியோட்டா உள்ளிட்ட குழு 1996இல் ஒரு முறையை வெளியிட்டது. கட்டியிலிருந்து சீவிய திசுவில் புற்றுச் செல்களும் நல்ல செல்களும் கலந்தே இருக்கும். திசுவின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை வைத்து, வேண்டிய செல்லுக்கு நேர் மேலே அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினார்கள். படலம் அந்த இடத்தில் மட்டும் உருகிச் செல்லைப் பற்றிக்கொண்டது. படலத்தைத் தூக்கினால் செல்லும் கூடவே வந்தது. பின்னர் ஜெர்மனியில் உருவான கருவிகள் புற ஊதா லேசரால் செல்லைச் சுற்றி வெட்டி, மற்றொரு துடிப்பால் அதை மேல்நோக்கி எறிந்து, குழாயின் மூடியில் பிடித்தன. இன்னொரு வகைக் கருவியில் வெட்டுண்ட துணுக்கு புவியீர்ப்பில் கீழுள்ள குழாய்க்குள் விழும்.

தாவரங்களுக்கு இது வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குக் காரணம் தண்ணீர். முதிர்ந்த தாவரச் செல்லின் கொள்ளளவில் பெரும்பகுதி, சிலவற்றில் 90%வரை, வாக்குவோல் என்னும் நீர் நிறைந்த பை. விலங்குத் திசுவைப் போல உறையவைத்துச் சீவினால் அந்த நீர் பனிப்படிகமாகிச் செல்லைக் கிழித்துவிடும். மருத்துவமனைகளில் வழக்கமான ஃபார்மலினில் போட்டாலோ ஆர்.என்.ஏ. புரதங்களோடு பின்னிக்கொண்டு வெளியே வர மறுக்கும். கடைசியில் கைகொடுத்தது நூறாண்டுப் பழக்கமுள்ள ஒரு கலவை: எத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு.

அந்த வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் இதில் கைப்பக்குவம் இயந்திரத்துக்குச் சமமாக நிற்கிறது. இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் குளிர்ந்த கலவையில் போடுகிறார்கள். இலைக்குள் காற்றறைகள் இருப்பதால் துண்டுகள் மிதக்கும். குடுவையில் வெற்றிடம் உண்டாக்கினால் விளிம்புகளிலிருந்து சிறு குமிழிகள் கிளம்பும். குமிழிகள் ஓய்ந்து துண்டுகள் அடியில் அமர்ந்தால் கலவை உள்ளே போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனால் படிப்படியாக நீரை வெளியேற்றும். எத்தனாலின் இடத்துக்கு உருகிய பாரஃபின் வரும். ஆறிய மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியில் பொருத்திச் சுழற்றினால் 10 மைக்ரான் தடிமனில், அதாவது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில், சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக வரும். ரிப்பனை ஸ்லைடில் பரப்பி, சைலீனில் மெழுகைக் கரைத்து உலர்த்துகிறார்கள். இவ்வளவுக்கும் கையுறை கழற்றக் கூடாது. விரல் தோலில் இருக்கும் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி ஒரு தொடுகையில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

ஸ்லைடுக்கு மேல் மூடிக் கண்ணாடி போட முடியாது. போட்டால் செல்லை எடுக்க முடியாது. சாயமும் கூடியவரை ஏற்றுவதில்லை, அது ஆர்.என்.ஏ.வுக்குக் கெடுதல். ஆகவே திரையில் தெரியும் உருவம் பாடப்புத்தகப் படம்போல் துலக்கமாக இராது. மங்கலான சாம்பல் கோடுகளாகத்தான் இருக்கும். அதில் எது கற்றை உறை, எது அதை ஒட்டிய இலையிடை என்று இனங்காண்பது முழுக்க முழுக்கக் கண்ணின் பயிற்சி. ஆய்வாளர் மௌசால் செல்லின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு வரைகிறார். லேசர் அந்தக் கோட்டின் மேல் ஊர்ந்து போகிறது. வெட்டிய தடம் மெல்லிய வெள்ளைப் பிளவாகத் தெரியும். மறு துடிப்பில் நடுவிலிருந்த துணுக்கு திரையிலிருந்து மறைந்து மூடிக்குப் போயிருக்கும். அடுத்த செல். அடுத்தது. நூற்றுக்கணக்கில், சிலபோது ஆயிரக்கணக்கில்.

அத்தனை சேர்த்தும் கிடைப்பது கொஞ்சமே. ஒரு செல்லின் ஆர்.என்.ஏ. பிக்கோகிராம் கணக்கில் வரும். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சீவலில் செல்லின் ஒரு வெட்டு மட்டுமே இருப்பதால் அதிலும் பகுதிதான் கைக்கு வரும். ஆகவே ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, டி7 என்னும் வைரஸின் நொதியைக் கொண்டு அதிலிருந்து பெரும் எண்ணிக்கையில் நகல்கள் எடுக்கிறார்கள். நகல் எடுக்கும்போது தூதின் வால்பகுதி நன்றாகவும் தலைப்பகுதி குறைவாகவும் பதிவாகும். இந்தக் கோணலை அறிந்துதான் முடிவுகளைப் படிக்க வேண்டும்.

2002இல் ஜப்பானில் நெல்லின் ஃபுளோயம் செல்களை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் ஷ்னாபிளின் குழு மக்காச்சோள முளையின் உறையிலிருந்து புறத்தோல் செல்களையும் நரம்புத் திசுவையும் தனித்தனியே வெட்டி, இரண்டில் ஒன்றில் மட்டும் மிகுந்து வெளிப்படும் சுமார் 250 மரபணுக்களை அடையாளம் கண்டது. இந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது, முறை தாவரத்துக்கும் செல்லுபடியாகும் என்று நிலைபெற்றதுதான்.

மக்காச்சோள இலையின் கதை 2010இல் ஒரு கட்டத்துக்கு வந்தது. பிங்ஹுவா லி, தாமஸ் புருட்னெல் ஆகியோரின் குழு இலையை அடியிலிருந்து நுனிவரை படித்தது. புல்வகை இலைக்கு ஒரு வசதி உண்டு: அடியில் செல்கள் இளமை, நுனியில் முதுமை. ஒரே இலையில் வயதுகள் வரிசையாகக் கிடக்கின்றன. இதோடு லேசரால் கற்றை உறைச் செல்களையும் இலையிடைச் செல்களையும் தனித்து எடுத்து ஒப்பிட்டார்கள். மரபணுக்களில் 64% இலையின் நீளவாக்கில் அளவு மாறின. இரண்டு செல் வகைகளுக்கு இடையே மட்டும் 21% மாறியிருந்தன. ஐந்தில் ஒரு மரபணு! சுவரோடு சுவர் ஒட்டி, ஒரே வெயிலில், ஒரே நீரில் நிற்கும் இரண்டு செல்கள் இவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன. அரைத்த பொடியில் இந்த விலகல் ஒருபோதும் கண்ணில் பட்டிருக்காது.

இந்த முறை போன இடங்களில் இலை ஒன்று மட்டுமே. இத்தாலியின் டுரின் நகரில் பாவோலா போன்ஃபான்டேயின் குழு தக்காளி வேரைத் தேர்ந்தது. நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றின் வேரில் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. வேர்ச் செல்லுக்குள் நுழைந்து சிறு மரம்போல் கிளைத்து, மண்ணிலிருந்து கொண்டுவரும் பாஸ்பேட்டைத் தாவரத்துக்குத் தந்து, பதிலுக்கு உணவு பெறுகிறது. எல்லா வேர்ச் செல்லிலும் இது நடப்பதில்லை. ஒரு செல்லில் பூஞ்சை கிளைத்திருக்கும். பக்கத்துச் செல் வெறுமையாக இருக்கும். பூஞ்சையுள்ள செல்களை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தபோது, தக்காளியின் ஐந்து பாஸ்பேட் கடத்தி மரபணுக்களின் தூதுகளும் அங்கே ஒருங்கே இருந்தன. இதைவிட வியப்பு, பூஞ்சையின் சொந்தப் பாஸ்பேட் கடத்தியின் தூதும் அங்கேயே இருந்தது. பாஸ்பேட்டைக் கொடுக்க வந்த இடத்தில் அதை உள்வாங்கும் கடத்தி பூஞ்சைக்கு எதற்கு? கொடுப்பதில் எவ்வளவை விடுவது, எவ்வளவைத் திரும்ப எடுப்பது என்பதில் பூஞ்சைக்கும் பிடி இருக்கலாம் என்று 2007இல் அந்தக் குழு எழுதியது. ஒரு செல்லின் சுவருக்குள் இரண்டு உயிர்களின் கொடுக்கல் வாங்கல். வேர் முழுவதையும் அரைத்தவர்களுக்கு இரண்டு உயிர்களின் ஆர்.என்.ஏ.வும் கிடைத்திருக்கும், அவை ஒரே செல்லில் இருந்தன என்ற செய்தி கிடைத்திருக்காது.

சூரிச் பல்கலைக்கழகத்தில் யூலி கிராஸ்னிக்லாஸின் ஆய்வகம் இன்னும் அரிய செல்லுக்குப் போனது. அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் பூவில் ஒவ்வொரு சூலிலும் ஒரே ஒரு செல்தான் முட்டைக்கு வழிவகுக்கும் தாய்ச்செல்லாகிறது. அதைச் சூழ்ந்திருப்பவை அத்தனையும் சாதாரண உடற்செல்கள். அந்த ஒற்றைச் செல்லை லேசரால் எடுத்து 2011இல் அதன் மரபணு வெளிப்பாட்டை வெளியிட்டார்கள். அதில் மிகுந்திருந்த மரபணு ஒன்றைப் பழுதாக்கியபோது, பக்கத்திலுள்ள வேறு செல்களும் முட்டைப் பாதையில் நுழையப் பார்த்தன. கருவுறாமலேயே விதை உண்டாகும் தாவரங்களில் காணும் போக்கின் சாயல் அது. அப்படி உண்டாகும் விதை தாய்ச்செடியின் நகல் என்பதால், கலப்பின விதையை ஒவ்வொரு பருவத்துக்கும் விலைகொடுத்து வாங்கும் விவசாயிக்கு இந்த ஆராய்ச்சி எங்கே போய் முடியும் என்பது சின்ன விஷயமில்லை.

நெல்லுக்கு வருவோம். சோளம் செய்வதை நெல்லையும் செய்யவைக்க முடியுமா என்ற கேள்வியோடு 2008இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. விளைச்சல் 50%வரை உயரலாம், நீரும் உரமும் மிச்சப்படும் என்பது எதிர்பார்ப்பு. திட்டத்தின் பேச்சில் நீண்ட காலம் நெல்லின் கற்றை உறை கிட்டத்தட்ட ஒரு காலி மனையாகவே இருந்தது. பசுங்கணிகம் குறைவு, ஒளிச்சேர்க்கையில் பங்கு குறைவு. ஆகவே அங்கே சி4 அமைப்பைக் கட்டிவிடலாம் என்பது போல. வெளிறியிருக்கிறது என்பதற்காக ஒரு செல் சும்மா இருக்கிறது என்று யார் சொன்னது?

கேம்பிரிட்ஜில் ஜூலியன் ஹிபர்ட்டின் ஆய்வகம் இதை முறையாகக் கேட்டது. முதிர்ந்த நெல் இலையிலிருந்து இலையிடைச் செல், கற்றை உறைச் செல், நரம்பு ஆகிய மூன்றையும் லேசரால் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டு 2021இல் வெளியிட்டார்கள். நெல்லின் கற்றை உறை சுறுசுறுப்பான இடமாக இருந்தது. நீரைக் கடத்தும் வேலைக்கான மரபணுக்கள் அங்கே ஓங்கியிருந்தன. கந்தகத்தைத் தாவரம் பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றும் பாதை அங்கே நடந்துகொண்டிருந்தது. பூச்சி கடித்தாலும் காயம் பட்டாலும் எச்சரிக்கை தரும் ஜாஸ்மோனிக் அமிலத்தை ஆக்கும் மரபணுக்களும் அங்கேதான் மிகுந்திருந்தன. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக நாற்றுவிட்டு, நடவு நட்டு, அறுத்து வந்த பயிரின் இலையில், நரம்பைச் சுற்றி நிற்கும் ஒரு வரிசைச் செல் என்ன செய்கிறது என்பது விரிவாகத் தெரியவந்தது இப்போதுதான். இந்த முறை தந்த கொடைகளில் இதையே மேலானதாகச் சொல்ல வேண்டும். பெரிய திட்டம் ஒன்று தன் மனையை வெட்டத் தொடங்குமுன், அங்கே குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை அது எடுத்துக் கொடுத்தது.

இப்போது தனிச்செல் வரிசையறிதல் வந்துவிட்டது. 2019 முதல் தாவர வேர்களிலும் பிறகு இலைகளிலும் ஆயிரக்கணக்கான செல்களை, அல்லது செல்களின் உட்கருக்களை, ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். வேகம், அளவு, நுணுக்கம் மூன்றிலும் லேசர் இதற்கு ஈடில்லை. ஆனால் கலைத்துப் பிரித்த உட்கருவுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாது. கணினி ஒரேபோன்ற உட்கருக்களைக் கூட்டம் கூட்டமாக ஒதுக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் வைக்க, எந்த மரபணு எந்தச் செல்லுக்கு அடையாளம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த அடையாளங்களில் பல, செல்லை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தவர்கள் சேர்த்துவைத்தவை. லேசருக்கும் எல்லை உண்டு: கண்ணால் இனங்காண முடிந்த செல்லைத்தான் அது வெட்டும். ஒரேபோல் தோன்றும் இரண்டு செல்கள் உள்ளே வேறாக இருந்தால் அது அறியாது. தூதை அளக்கும், புரதத்தை அளக்காது. சீவலின் மேற்பரப்பில் தெரியும் செல்லின் அடியில் அண்டைச் செல்லின் துணுக்கு ஒட்டியிருப்பதும் உண்டு. ஆயினும் இடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு அதன் பிறகு மரபணுவைக் கேட்பது என்ற அதன் வரிசைக்குப் பதிலாக வேறெதையும் வைக்க முடியவில்லை. திசுவின் சீவலிலேயே ஆர்.என்.ஏ.வின் இடத்தைப் பதிவுசெய்யும் புதிய முறைகளும் அந்த வரிசையின் தேவையிலிருந்து பிறந்தவைதான்.

2024இல் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ஜோசப் எக்கரின் குழுவும் கேம்பிரிட்ஜ் குழுவும் சேர்ந்து நெல்லையும் சோளத்தையும் அருகருகே வைத்துப் படித்தார்கள். இருட்டில் முளைத்த நாற்றுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பச்சை பிடிக்கப் பிடிக்க உட்கருக்களை எடுத்து வாசித்தார்கள். கற்றை உறைக்கு அதன் அடையாளத்தைத் தரும் மரபணுக் கட்டுப்பாடு நெல்லிலும் சோளத்திலும் பெரும்பாலும் ஒன்றே. டாஃப் என்னும் புரதக் குடும்பம் வந்து பிடிக்கும் குறுகிய டி.என்.ஏ. எழுத்துகள் அதன் மையம். சோளத்தில் நடந்தது இதுதான்: ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் தங்கள் முன்பகுதியில் அந்த எழுத்துகளைப் பெற்று, ஏற்கெனவே இருந்த கற்றை உறைக் கட்டளைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டன. நெல்லில் கட்டளை அப்படியே இருக்கிறது. ஒளிச்சேர்க்கை மரபணுக்கள்தான் அதற்குக் காது கொடுக்கவில்லை. இப்போது ஆய்வகங்களில் நெல்லுக்குள் சி4 நொதிகளின் மரபணுக்களை ஏற்றுகிறார்கள். மக்காச்சோளத்தின் வேறு மரபணுக்களைக் கொண்டு நெல்லின் கற்றை உறையில் பசுங்கணிகங்களைப் பெருகவும் வைத்திருக்கிறார்கள். அவை பெருகும்போது, அதே செல்கள் செய்துவந்த நீர்க்கடத்தலும் கந்தக வேலையும் குறையாமல் நடக்கின்றனவா என்பதை இனி அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.